பில்லு ஒண்ணா, தனித்தனியா?

மூன்று வருடப் படிப்பில் நாம் போடாத கணக்கா? முதல் வருடத்தில் மேட்ரிக்ஸ், டிஃபரன்ஷியேஷன். அப்புறம் பெண்டிங் மொமென்ட், பவர் ஃபேக்டர், கியர் ரேஷியோ. எல்லாவற்றையும் போட்டு எப்படியோ பாஸும் ஆகிவிடுகிறோம் (சிலருக்கு அரியர் நிற்பது வேறு கதை). ஆனால் ஐந்து பேர் சேர்ந்து சிதம்பரத்தில் ஒரு ஓட்டலுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, சோம்புத் தட்டில் பில் வந்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறோமே, அந்தக் கணக்கு மட்டும் எந்த செமஸ்டர் சிலபஸிலும் இல்லை. பெருக்கத் தெரிந்தால் போதும், அதைப் போட்டுவிடலாம். போடாமல் விடுவதால் சில நண்பர்களை நாம் இழக்கிறோம் என்பது என் கட்சி. அதனால்தான் மலருக்குக் கவிதை கேட்ட நண்பரிடம் இந்தக் கணக்கை எழுதிக் கொடுக்கிறேன்.

முதலில் பில்லைப் படிப்போம். சாப்பிட்ட ஐட்டங்களின் கூட்டுத்தொகை மேலே இருக்கும். அதற்குக் கீழே சி.ஜி.எஸ்.டி. இரண்டரை சதவீதம், எஸ்.ஜி.எஸ்.டி. இரண்டரை சதவீதம் என்று இரண்டு வரி. இரண்டும் சேர்ந்து 5. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது ஏ.சி. இல்லாத ஓட்டலுக்கு 12, ஏ.சி. ஓட்டலுக்கு 18 என்று இருந்தது. அந்த வருடம் நவம்பர் 15 முதல் இரண்டையும் 5 ஆக்கினார்கள். நட்சத்திர ஓட்டல்கள் சிலவற்றில் இன்னும் 18 உண்டு. அங்கே நாம் போகப் போவதில்லை, விடுங்கள்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். பில்லில் ஜி.எஸ்.டி. எண் அச்சிடப்படாத கடை வரி வாங்கக் கூடாது. 'காம்போசிஷன்' திட்டத்தில் பதிவு செய்த சிறிய ஓட்டல்களுக்கு எண் இருக்கும். ஆனாலும் அவர்கள் வாடிக்கையாளரிடம் தனியாக வரி வசூலிக்க முடியாது. அந்த வரியை அவர்கள் தங்கள் கையிலிருந்து கட்ட வேண்டும்.

இன்னொரு வரி சில பெரிய இடங்களில் வரும்: 'சர்வீஸ் சார்ஜ்'. அரசாங்க வரி மாதிரியே தோற்றம் தரும், ஆனால் வரி கிடையாது. ஓட்டல்காரர் தாமாகப் போட்டுக்கொள்வது. 2022 ஜூலை 4-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இதற்கு வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. ஓட்டல்கள் இதைத் தாமாக பில்லில் சேர்க்கக் கூடாது, வேறு பெயர் வைத்தும் வாங்கக் கூடாது, வாடிக்கையாளர் விரும்பினால்தான் கொடுக்கலாம் என்று அதில் இருந்தது. ஓட்டல் சங்கங்கள் வழக்குப் போட்டன. 2025 மார்ச் 28-ல் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த நெறிகள் செல்லும் என்று தீர்ப்பளித்தது. சங்கங்கள் மேல்முறையீட்டுக்கும் போயின. பில்லில் அந்த வரியைப் பார்த்தால் 'சார், இதை எடுத்துட்டு வேற பில் குடுங்க' என்று தன்மையாகக் கேட்கலாம். எடுக்க மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. சத்தம் போட வேண்டியதில்லை. பில் கொண்டுவந்தவர் அந்த சார்ஜைப் போட்டவர் இல்லை.

சரி, இப்போது பங்கு போடுவோம். ஐந்து பேருக்கும் பிராஞ்ச் பெயரையே வைத்துவிடுகிறேன், யாரும் கோபித்துக்கொள்ள முடியாது! விலை கடைக்குக் கடை மாறும். இங்கே கணக்குக்காக வைத்துக்கொண்டவை. மெக்கானிக்கல் சாப்பிட்டது மட்டன் பிரியாணி 280. சிவில், சிக்கன் பிரியாணி 200. கம்ப்யூட்டர், சிக்கன் ஃப்ரைட் ரைஸ் 180. ட்ரிபிள் ஈ இரண்டு பரோட்டாவும் ஒரு ஆம்லெட்டும், 60. ஆட்டோமொபைல் சைவம், ஒரு ஆனியன் ஊத்தப்பம் 80. நடுவில் ஒரு பிளேட் சிக்கன் 65 வந்தது, 160 ரூபாய். ஆட்டோமொபைல் தவிர நான்கு பேரும் கை வைத்தார்கள். மொத்தம் 960. வரி 48. ஆக 1,008. டிப்ஸ் 50 வைக்கலாம் என்று முடிவானது. கைவிட்டுப் போவது 1,058 ரூபாய்.

வழக்கமாக என்ன நடக்கும்? யாராவது ஒருவர் (பெரும்பாலும் மட்டன் பிரியாணிக்காரர்) செல்போனை எடுத்து 1,058-ஐ 5-ஆல் வகுத்து, 'ஆளுக்கு 211 ரூவா 60 காசு, 212 போட்டுடுங்கடா' என்பார். வேலை முடிந்தது.

நியாயமாகப் போட்டால் என்ன வரும் என்று பாருங்கள். சிக்கன் 65-ஐ நாலாகப் பிரித்தால் 40. அதைச் சாப்பிட்ட நால்வர் கணக்கிலும் சேர்க்கிறோம். மெக்கானிக்கல் 320, சிவில் 240, கம்ப்யூட்டர் 220, ட்ரிபிள் ஈ 100, ஆட்டோமொபைல் 80. கூட்டினால் 960 வர வேண்டும், வருகிறது. ஒவ்வொன்றையும் 1.05-ஆல் பெருக்கினால் அவரவர் வரி அவரவரிடமே சேர்ந்துவிடும்: 336, 252, 231, 105, 84. டிப்ஸை ஆளுக்குப் பத்தாகப் போட்டால் 346, 262, 241, 115, 94. கூட்டிப் பாருங்கள், 1,058. இதைப் போட ஒரு டீ குடிக்கும் நேரம்கூட ஆகாது.

94 ரூபாய்க்குச் சாப்பிட்ட ஆட்டோமொபைல் சமப்பங்கில் 211.60 கொடுக்கிறான். அதாவது 117 ரூபாய் 60 காசு அதிகம். ட்ரிபிள் ஈ கொடுப்பது 96.60 அதிகம். மெக்கானிக்கலுக்கு 134.40 லாபம். குறைவாகச் சாப்பிட்ட இருவர் சேர்ந்து அதிகமாகச் சாப்பிட்ட மூவருக்கு 214 ரூபாய் 20 காசு விருந்து வைத்திருக்கிறார்கள். விருந்து வைத்தது அவர்களுக்கே தெரியும். சாப்பிட்ட மூவருக்குத்தான் தெரியாது!

'நூறு ரூபாயில் என்னடா இருக்கு' என்று சிலர் சொல்வார்கள். நம்மில் பலருக்கு அதில் நிறைய இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று மாணவிகளுக்கு 2022 செப்டம்பரில் புதுமைப்பெண் திட்டமும், மாணவர்களுக்கு 2024 ஆகஸ்டில் தமிழ்ப்புதல்வன் திட்டமும் வந்தன. அந்த ஆயிரத்தை நம்பிப் படிப்பவர்கள் நம் வகுப்பிலேயே இருக்கிறார்கள். ஜெராக்ஸ், ரெக்கார்டு நோட்டு, பஸ் என்று எல்லாம் அதற்குள்தான். ஒரே ராத்திரியில் 117 ரூபாய் 60 காசு அடுத்தவர் பிரியாணிக்குப் போனால் அது அந்த மாதக் காசில் பத்தில் ஒரு பங்குக்கு மேல். ஆட்டோமொபைல் வாய் திறந்து கேட்க மாட்டான். கேட்டால் 'கஞ்சன்' என்று பெயர் வரும். நான் பார்த்தவரை, இப்படி இரண்டு தடவை கொடுத்தவன் மூன்றாம் தடவை 'வயிறு சரியில்லடா, நீங்க போங்க' என்பான். நான்காம் தடவை நாமே அவனைக் கூப்பிட மறந்துவிடுவோம். இதில் யாரும் கெட்டவரில்லை. ஆனாலும் ஒரு நண்பன் கூட்டத்திலிருந்து கழன்றுவிட்டான்.

சமப்பங்கில் இன்னொரு கோளாறும் உண்டு. ஐந்து பேர் சமமாகப் போடுவது என்று முன்பே தெரிந்தால், நூறு ரூபாய் ஃபலூடா ஒன்று சொல்ல எனக்குக் கை துறுதுறுக்கும். வரியோடு 105, என் பங்கு 21 ரூபாய்தான்! மீதி 84-ஐ மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் எதிரே இருப்பவரும் இதே கணக்கைப் போடுகிறார். ஐந்து பேரும் ஃபலூடா சொன்னால் ஆளுக்கு முழுசாக 105 விழும். தனியாகப் போயிருந்தால் ஒருவர்கூடச் சொல்லியிருக்க மாட்டார்.

இதை நான் கற்பனையாகச் சொல்லவில்லை. உரி நீசி, எர்னான் ஹாருவி, ஹடாஸ் யாஃபே என்ற மூன்று ஆராய்ச்சியாளர்கள் இஸ்ரேலில் ஒரு ஓட்டலில் நிஜமாகவே சோதித்துப் பார்த்து, 2004-ல் 'எகனாமிக் ஜர்னல்' இதழில் எழுதினார்கள். ஒருவரையொருவர் அறியாத ஆறு பேர் ஒரு மேஜையில். அவரவர் பில் அவரவருக்கு என்று சொல்லப்பட்ட மேஜைகளில் ஆளுக்குச் சராசரி 37 ஷெக்கலுக்குச் சாப்பிட்டார்கள். சமப்பங்கு என்று சொல்லப்பட்ட மேஜைகளில் 51. எல்லாம் இலவசம் என்றபோது 82! (ஓசி என்றால் எந்த ஊரிலும் கை கொஞ்சம் நீளும் போலிருக்கிறது.) எனக்கு இதைவிட முக்கியமாகப் பட்டது வேறு ஒன்று. ஆர்டர் செய்வதற்கு முன்னால் 'தனித்தனியா, சமமா, எது வேண்டும்?' என்று கேட்டபோது 80 சதவீதம் பேர் தனித்தனியே என்றுதான் சொன்னார்கள்.

பத்தில் எட்டுப் பேர் மனதில் நினைப்பதை மேஜையில் ஒருவரும் சொல்லாமல் உட்கார்ந்திருக்கிறோம் என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன். நம்ம ஊர் சர்வர்களுக்கு இது எப்போதோ தெரியும். 'சார், பில்லு ஒண்ணா, தனித்தனியா?' என்று அவர்களே கேட்பார்கள். 'ஒண்ணாவே போடுங்கண்ணே' என்று கெத்தாகச் சொல்வது நாம்தான். உட்கார்ந்தவுடனே, மெனு கார்டைத் திறக்கும் முன், 'அண்ணே, தனித்தனி பில்லு' என்று ஒரு குரல் வந்துவிட்டால் நான் மேலே எழுதிய பெருக்கல் எதுவும் வேண்டாம். அந்தக் குரல் யாருடையது என்பதில்தான் விஷயம். குறைவாகச் சாப்பிடப் போகிறவன் சொன்னால் கஞ்சத்தனமாகத் தெரியும். அதிகமாகச் சாப்பிடப் போகிறவன் சொன்னால் பெரிய மனுஷத்தனம். ஆகவே மெக்கானிக்கல் நண்பர்களே, நீங்கள் சொல்லுங்கள்.

எல்லா இடத்திலும் இப்படிக் கணக்குப் பார்க்கச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். எங்கள் லால்பேட்டைப் பக்கம் கல்யாண வீட்டுக்கு வந்திருக்கிறவர்களுக்குச் சஹன் தெரியும். பெரிய தாம்பாளத்தில் சோற்றைக் குவித்து வைத்து, சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவது. அங்கே யார் எத்தனை கவளம் என்று எண்ணுகிறவன் மனுஷனே இல்லை. ஆனால் சஹனில் உட்காருகிறவர் யாருக்கும் பில் வராது. ஒருவர் வீட்டு விருந்து அது. ஓட்டலிலும் அப்படி ஒருவர் 'இன்னிக்கு என் ட்ரீட்' என்று வாசலிலேயே சொல்லிவிட்டால் பேச்சே இல்லை. ட்ரீட்டை வாசலில் அறிவிக்காமல் பில் வந்த பிறகு அறிவிப்பதும், விருந்து மாதிரி சாப்பிட்டுவிட்டுக் கடைசியில் வகுத்தல் போடுவதும்தான் சங்கடம்.

டிப்ஸை ஏன் வரி மாதிரி விகிதத்தில் பிரிக்காமல் ஆளுக்குச் சமமாகப் போட்டேன் என்று சிலர் கேட்கலாம். வரி விலையோடு ஏறுகிறது, அதனால் விலைப்படி. டிப்ஸ் வேலைக்குக் கொடுப்பது. 280 ரூபாய் பிரியாணியைக் கொண்டுவந்து வைப்பவர் ஒரு நடைதான் நடக்கிறார். நூறு ரூபாய் சாப்பாடு சாப்பிடுகிறவனுக்குத்தான் மறு சோறு, மறு குழம்பு, ரசம், மோர், 'தம்பி அப்பளம் வேணுமா' என்று ஆறு நடை! ஆக, டிப்ஸ் தலைக்கு இவ்வளவு என்பதே எனக்கு நியாயமாகப் படுகிறது. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் கேன்டீனுக்கு வந்து வாதாடலாம் (டீ அவரவர் காசில்).

எவ்வளவு வைப்பது? நம் நாட்டில் சட்டம் எதுவும் இல்லை. பெரிய ஓட்டல்களில் பத்து சதவீதம் என்பது ஒரு வழக்கம். அதைப் போடுவது மிகச் சுலபம்: வரிக்கு முந்தைய தொகையில் கடைசி இலக்கத்துக்கு முன் ஒரு புள்ளி. 960-க்கு 96. பாதி வேண்டுமானால் 48. நம் ஜி.எஸ்.டி. 5 சதவீதம் என்பதால் அந்தப் பாதி பில்லிலேயே அச்சாகி இருக்கும், 'வரி எவ்வளவோ அவ்வளவு டிப்ஸ்' என்று வைத்துக்கொண்டால் மனக்கணக்கும் வேண்டாம். வரி சேர்த்த தொகைக்குப் பத்து சதவீதம் போட்டால் 100 ரூபாய் 80 காசு வரும். வித்தியாசம் 4.80. இதற்காக யாரும் சண்டை போட வேண்டாம். டோக்கன் வாங்கி நாமே எடுத்துச் சாப்பிடும் கடையிலும் டீக்கடையிலும் டிப்ஸ் பழக்கமே இல்லை.

அமெரிக்காவில் 15, 20 சதவீதம் வைக்கிறார்களாமே என்று கேட்டால், அங்கே கதை வேறு. டிப்ஸ் வாங்கும் தொழிலாளிக்கு முதலாளி கொடுக்க வேண்டிய மத்தியச் சட்டக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2 டாலர் 13 சென்ட்தான். 1991-லிருந்து அந்தத் தொகை ஏறவில்லை. டிப்ஸும் சேர்ந்து 7 டாலர் 25 சென்ட் வராவிட்டால்தான் மிச்சத்தை முதலாளி கொடுக்க வேண்டும். சில மாநிலங்களில் கூடுதலாக உண்டு. ஆக அங்கே வாடிக்கையாளர் வைப்பது சம்பளத்திலேயே ஒரு பங்கு. ஜப்பானிலோ டிப்ஸ் வழக்கமே கிடையாது, வைத்துவிட்டு வந்தால் 'மறந்துட்டீங்க' என்று பின்னாலேயே ஓடி வந்து கொடுப்பார்களாம்.

நம்ம ஊரில் இப்போது டிப்ஸ் குறைந்ததற்கு மனம் காரணமில்லை, சில்லறை காரணம். 2016-ல் யு.பி.ஐ. வந்த பிறகு பையில் பத்து ரூபாய் நோட்டு வைத்துக்கொள்கிறவர் அபூர்வம். முன்பு மிச்சச் சில்லறை தட்டோடு வரும், அதில் கொஞ்சம் அப்படியே விட்டுவிட்டு வருவோம். இப்போது கல்லாவில் ஸ்கேன் செய்துவிட்டு நேராக வாசலுக்கு நடந்துவிடுகிறோம். பைக்குள் இரண்டு பத்து ரூபாய் நோட்டு போட்டு வையுங்கள். முடிந்தால் இலை எடுத்து மேஜை துடைக்கிற அண்ணனுக்கும் ஒன்று. தட்டில் வைக்கும் காசு பெரும்பாலும் அவர் வரை போவதில்லை.

விடுதி மாணவர்களுக்கு இதே கணக்கு மாதா மாதம் வரும், பெரிய எண்களில். 'டிவைடிங் சிஸ்டம்' மெஸ்ஸில் மாதச் செலவு முழுவதையும் மொத்தச் சாப்பாட்டு நாட்களால் வகுத்து, நாளுக்கு இவ்வளவு என்று போடுவார்கள். 40 பேர், எல்லோருடைய விடுப்பையும் கழித்து 1,050 நாட்கள், செலவு 1,08,000 என்றால் நாளுக்கு 102 ரூபாய் 86 காசு. 30 நாளும் இருந்தவருக்கு 3,086. ஊருக்குப் போய்விட்டு 18 நாள் மட்டும் சாப்பிட்டவருக்கு 1,851.

பார்க்கச் சரிதான். ஆனால் அந்த 1,08,000-ல் சமையல்காரர் சம்பளம் மாதிரி 24,000 ரூபாய், யார் ஊருக்குப் போனாலும் குறையாத செலவு என்று வையுங்கள். அதைத் தலைக்கு 600 என்று பிரித்துவிட்டு, அரிசி காய்கறிச் செலவு 84,000-ஐ மட்டும் நாளால் வகுத்தால் நாளுக்கு 80. இப்போது 30 நாள்காரருக்கு 3,000, 18 நாள்காரருக்கு 2,040. ஓட்டல் மேஜையில் அதிகம் சாப்பிட்டவருக்கு லாபம் போனது. இங்கே ஊருக்குப் போனவருக்கு லாபம் போய்க்கொண்டிருந்தது. வளைகுடாவில் ஒரே ரூமில் ஏழெட்டுப் பேராக இருந்து வந்த எங்கள் ஊர்ப் பெரியவர்களைக் கேட்டால், இந்த வித்தை அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ரூம் வாடகை கட்டிலுக்கு இவ்வளவு, மெஸ் சாப்பிட்ட நாளுக்கு இவ்வளவு. சுவரில் மாட்டிய நோட்டில் மாதக் கடைசியில் எல்லாம் வரவு வைக்கப்பட்டிருக்கும். (வீராணம் ஏரித் தண்ணீரை எப்படிப் பங்கு போடுவது என்று என்னைக் கேட்காதீர்கள். அது இந்த மலரில் அடங்காது.)

கடைசியாக டூர். நாலு பேர் பிச்சாவரம் போகிறோம். ஒருவர் படகுக்கு 800 கொடுத்தார், இன்னொருவர் சாப்பாட்டுக்கு 480, மூன்றாமவர் பஸ்ஸுக்கு 120, நான்காமவர் பர்ஸையே எடுக்கவில்லை. மொத்தம் 1,400, ஆளுக்கு 350. அவரவர் கொடுத்ததிலிருந்து 350-ஐக் கழியுங்கள். முதல்வருக்கு 450 வர வேண்டும், இரண்டாமவருக்கு 130. மூன்றாமவர் 230 தர வேண்டும், நான்காமவர் 350. நான்காமவர் முழு 350-ஐயும் முதல்வருக்குக் கொடுக்கட்டும். மூன்றாமவர் முதல்வருக்கு 100, இரண்டாமவருக்கு 130. தீர்ந்தது. மூன்றே கைமாற்று. எத்தனை பேர் போனாலும், எத்தனை செலவு ஆனாலும், ஆட்களின் எண்ணிக்கையில் ஒன்று குறைத்தால் வரும் எண்ணுக்கு மேல் கைமாற்று தேவைப்படாது. 'நீ எனக்கு நாப்பது, நான் உனக்கு அறுபது' என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் கத்திக்கொண்டு வர வேண்டாம்.

இந்தக் கைமாற்றை அன்றைக்கே, பஸ் ஏறும் முன்பே முடித்துவிடுவது நல்லது. 'அப்புறம் தர்றேன் மாப்ள' என்பதற்கு நாட்காட்டியில் தேதி கிடையாது. முன்பெல்லாம் செல்போனிலேயே 'இவ்வளவு அனுப்பு' என்று ரிக்வெஸ்ட் தட்டிவிடலாம். மோசடிக்காரர்கள் அதைப் பயன்படுத்தியதால் 2025 அக்டோபர் 1 முதல் ஆளுக்கு ஆள் அப்படிக் கேட்கும் வசதியை என்.பி.சி.ஐ. நிறுத்திவிட்டது. இப்போது பணம் தர வேண்டியவரே மனசு வைத்து அனுப்பினால்தான் உண்டு. ஆகவே முன்னால் பணம் கட்டியவர் தன் க்யூ.ஆர். கோடை எடுத்து மேஜை நடுவில் வைத்துவிடட்டும், கை கழுவிவிட்டு வருகிறவர்கள் ஒவ்வொருவராக ஸ்கேன் செய்யட்டும். காசு கணக்கில் மிச்சம் வரும் ஒன்றிரண்டு ரூபாய் அவருக்கே போகட்டும். 25 காசும் அதற்குக் கீழேயும் 2011 ஜூன் 30-லேயே செல்லாமல் போய்விட்டன. அதை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்யப் போகிறோம்?